ஏதாவது ஒன்று போதும்

எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே எங்கள் கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் செத்துப்போனது. ஓரமாகப் போய்ச் சாகவேண்டும் என்ற இங்கிதம்கூட அதற்கு இல்லை. பால் பவுடர் டின்கள் அடுக்கிய பேலட் பலகை ஒன்றைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி, பெரிய கதவுக்கு நட்டநடுவில் நின்று, ஒருமுறை செருமி, கறுப்பாக ஒரு மூச்சு விட்டு அடங்கிவிட்டது. சுமை இறக்கும் ஆட்கள் அந்த வண்டியை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய மேஸ்திரி அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மாமா போயிட்டாரு சார்."

"கதவை விட்டு நகர்த்துங்க."

"அவரை நகர்த்தணும்னா இன்னொரு மாமா வேணும்."

நான் சேமிப்புக் கழகத்தின் கிடங்குப் பொறுப்பாளன். என் மனைவி வேறு ஊரில், ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் இங்கே, அவள் அங்கே. மாற்றல் கேட்டுக் கேட்டு என் குரலே ஒரு மாதிரி கெஞ்சலாகிவிட்டது. காய்கறிக் கடையில்கூட அந்தக் குரலில்தான் பேசுவேன். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் கழகம் மனமிரங்கியது. ஆனால் கழகத்தில் ஒரு விதி உண்டு: கிடங்கை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் ஓடுகிற நிலையில் ஒரு ஃபோர்க்லிஃப்டையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். ஓடாவிட்டால் ஆளை விடமாட்டார்கள்.

சரி, புது வண்டி கேட்போம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். படிவத்தில் டீசலா, கேஸா, பேட்டரியா என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் கிடங்கில் பாதி வேலை உள்ளே, பாதி வெளியே முற்றத்தில். டீசல் என்றால் வெளியே நன்றாக ஓடும், உள்ளே புகை. பேட்டரி என்றால் உள்ளே சுத்தம், ஆனால் சார்ஜ் போட இடமும் நேரமும் வேண்டும். கேஸ் இரண்டுக்கும் நடுவில். எது வந்தாலும் மேஸ்திரி சமாளித்துக்கொள்வார். எனக்கு அவசரம். 'ஏதாவது ஒன்று போதும்' என்று எழுதி அனுப்பினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது.

"ஏதாவது ஒண்ணுன்னு ஒரு எரிபொருள் எங்ககிட்ட இல்லையே சார்."

"மூணுல எது கொடுத்தாலும் ஓட்டிக்கிறோம்னு அர்த்தம்."

"அப்போ எது வேணும்னு உங்களுக்குத் தெரியல."

"எதுவா இருந்தாலும் சரின்னு தெரியும்."

"அதைத்தான் நாங்க தெரியலன்னு சொல்றது. நீங்க கவலைப்படாதீங்க. தெரிஞ்சவங்களா பார்த்து அனுப்பறோம்."

அப்படித்தான் 'எரிபொருள் தெரிவுக் குழு' பிறந்தது. ஒரு தலைவர், மூன்று உறுப்பினர்கள். பெரிய கதவை மாமா அடைத்துக்கொண்டு நின்றதால், நால்வரும் பக்கத்திலிருந்த சின்னக் கதவு வழியாகப் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலைவர் என் கண்ணாடி அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு இழந்த நாற்காலிதான். அதற்குப் பிறகு நான் ஒரு பால் பவுடர் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் உத்தியோகம் பார்த்தேன்.

"தம்பி, வண்டி கேட்டது நீங்கதானே? கேட்டவர்தான் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். அது விதி," என்றார் தலைவர்.

"சார், எனக்கு மாற்றல் வந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம். ஆனா குழு முடியற வரைக்கும் ஒருங்கிணைப்பாளரை மாத்தக் கூடாது. அதுவும் விதி. லீவும் கிடையாது."

"எப்ப சார் முடியும்?"

"முடிவு வந்ததும் முடிஞ்சிடும்," என்றார் தலைவர் பிரியமாக.

உறுப்பினர்களின் பெயர் எனக்குக் கடைசிவரை மனதில் நிற்கவில்லை. எதற்காகப் பேசினார்களோ அதுவே அவர்கள் பெயராகிவிட்டது. வாகனப் பிரிவின் அதிகாரி டீசல். பாதுகாப்பு அதிகாரி கேஸ். சுற்றுச்சூழல் அதிகாரி பேட்டரி.

முதல் கூட்டத்தில் டீசல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"டீசல்னா ஒரு சத்தம் இருக்கும். சத்தம் கேட்டா உள்ள வேலை நடக்குதுன்னு மேலிடத்துக்குத் தெரியும். என் பிரிவுல பாதிப் பேரு அந்தச் சத்தத்தை வெச்சுதான் பிழைக்கிறாங்க. சத்தமில்லாத வண்டியை வாங்கிட்டா நாங்க எல்லாரும் என்ன பண்றோம்னு நாலு பேரு வந்து எட்டிப் பார்ப்பாங்க."

அடுத்து கேஸ். நியாயமாகப் பார்த்தால் பாதுகாப்பு அதிகாரி கேஸ் சிலிண்டருக்கு எதிராகத்தான் பேசவேண்டும். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

"இந்தக் கிடங்குல ஒரு ஆபத்தும் இல்ல," என்று அவர் வருத்தமாக ஆரம்பித்தார். "பால் பவுடர் வெடிச்சு எங்கயாவது கேட்டிருக்கீங்களா? ஆபத்து இல்லாத இடத்துல பாதுகாப்பு அதிகாரியை யார் மதிப்பாங்க? ஒரு சிலிண்டர் வந்தா போதும், நான் சொல்றபடி எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு பேரை எனக்குக் கீழ போடலாம்."

பேட்டரி இளைஞர். சின்னத் திரை ஒன்றில் படம் போட்டுக் காட்டினார். "சார்ஜிங் அறை ஏற்கனவே திறந்தாச்சு. போன வருஷமே கல்வெட்டு வெச்சு, ரிப்பன் வெட்டி, ஃபோட்டோவும் வந்துடுச்சு. இப்ப பேட்டரி வண்டி வாங்கலன்னா அந்தக் கல்வெட்டுக்கு என்ன மரியாதை?"

"அந்த அறையில கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"கல்வெட்டு இருக்கு," என்றார் அவர்.

அந்த அறை எனக்குத் தெரியும். அதில்தான் அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார்.

அன்று மாலை மேஸ்திரி என்னை ஓரங்கட்டினார். "பம்ப்தான் போயிருக்கும் சார். மெக்கானிக்கைக் கூப்பிட்டா மாமா எந்திரிச்சிடுவாரு." எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தம்பி, யோசிச்சுப் பேசுங்க. வண்டி ஓடிடுச்சுன்னா குழு எதுக்கு? இத்தனை பேரு வேலையை விட்டுட்டு வந்திருக்கோம், எங்களை அவமானப்படுத்தறீங்களா?"

மறுநாள் மாமாவின் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. 'ஒப்பீட்டு மாதிரி. தொடாதீர்.' பழுது பார்ப்பது மட்டுமல்ல, நகர்த்துவதும் குற்றமாகிவிட்டது. ஆட்கள் கைக்கு எட்டின டின்களை மட்டும் சின்னக் கதவு வழியாகத் தோளில் சுமந்து லாரிக்குக் கொண்டுபோனார்கள். மேல் தட்டுகளில் இருந்தது அங்கேயே இருந்தது. ஒருவர் ரேக்கில் தொற்றி ஏறப் பார்த்ததும் கேஸ் ஓடிவந்து, 'ரேக்கில் ஏறாதீர்' என்று ஒரு பலகை மாட்டினார். அன்றைக்கு முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

இதையெல்லாம் மனைவியிடம் ஃபோனில் சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"என்னங்க, உங்க குழுவுக்கு முன்னாடி என் குழந்தை வெளிய வந்துடும் போலிருக்கே," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் அண்ணன் ஃபோனைப் பிடுங்கி ஒருநாள் திட்டினார். "மாப்ள, ஒரு வண்டி வாங்க இவ்வளவு நாளா? நான் ஸ்கூட்டர் வாங்கப் போயி அரை மணியில கார் வாங்கிட்டு வந்தவன்."

"நீங்க குழுவா போகல மச்சான்," என்றேன்.

குழு அடுத்து பரிசோதனைக்கு இறங்கியது. மூன்று கம்பெனிகள் மூன்று வண்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தின. புத்தம் புதுசு. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒன்றும் கிடங்குக்குள் போக முடியவில்லை. பெரிய கதவில் ஒப்பீட்டு மாதிரி நின்றதே.

டீசல் வண்டியின் புகை உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமாம். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வண்டியின் பின்புறத்தைச் சின்னக் கதவை ஒட்டி நிறுத்திவிட்டு என்னை உள்ளே போய் நிற்கச் சொன்னார்கள். டீசல் ஆக்சிலரேட்டரை அமுக்கினார். புகை உள்ளே வந்தது. வெளியே போக இருந்த ஒரே வழியில் வண்டி நின்றது. நான் இருமி, கண்ணீர் வடித்து, மாமாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டக் குறிப்பில் பிறகு படித்தேன்: 'டீசல் வண்டியின் செயல்பாட்டைக் கண்டு ஒருங்கிணைப்பாளர் உணர்ச்சிவசப்பட்டார்.'

கேஸ் வண்டியைச் சோதிக்கும்போது கேஸ் எல்லோரையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து பார்த்தால் வண்டி தெரியவில்லை. 'விபத்து எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். பேட்டரி வண்டி நாள் முழுக்க அழகாக ஓடியது. சாயங்காலம் சார்ஜ் போட எங்கே என்று ஓட்டுநர் கேட்டார். பேட்டரி அவரைக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினார்.

நான் தலைவர் காலில் விழாத குறைதான். "சார், மூணும் நல்லா ஓடுது. ஏதாவது ஒண்ணை வாங்கிடலாம் சார்."

"அதான் தம்பி பிரச்சனை," என்று அவர் பெருமூச்சு விட்டார். "மூணும் நல்லா ஓடுது. ரெண்டு ஓடாம இருந்திருந்தா முடிவு எவ்வளவு சுலபம்."

ஓட்டுப் போட்டார்கள். டீசலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. நீங்கள் யார் பக்கம் என்று தலைவரைக் கேட்டேன். "நான் தலைவன். எனக்குப் பக்கம் கிடையாது. என் உத்தியோகத்துல ஒரு முடிவுகூட நான் எடுத்ததில்ல. அதனாலதான் என் மேல ஒரு புகார்கூட இல்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அன்றைக்கு என் மகள் பிறந்தாள். நான் பால் பவுடர் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஃபோனில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு, யாரோடோ சண்டைக்கு நிற்கிற மாதிரி இருந்தாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர் என் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து மனைவி ஒரு விஷயம் சொன்னாள்.

"வேலைக்குத் திரும்பிட்டேன்ல, அம்மா பகல்ல பால் பவுடர் கரைச்சுக் கொடுக்கறாங்க. ஆனா எந்தக் கடையிலயும் டின் இல்லைங்க. ஏதோ ஒரு கிடங்குல மாட்டிக்கிச்சாம், வரவே மாட்டேங்குதாம். எவன்தான் அங்க பொறுப்புல இருக்கானோ."

நான் நிமிர்ந்து மேல் தட்டைப் பார்த்தேன். டின்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குண்டுக் குழந்தை சிரித்தது.

"விசாரிக்கிறேன்," என்றேன்.

அந்த ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டதில் எனக்கு ஒரு புத்தி வந்தது. மூன்று பேரையும் ஒரே பக்கம் தள்ளவேண்டும். மறுநாள் டீசலிடம் போனேன். "சார், பேட்டரி வண்டியை சார்ஜ் பண்ணக் கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் வெக்கணும். ஜெனரேட்டர் எவ்வளவு சத்தம் போடும் தெரியுமா? தெருவுக்கே கேக்கும்." டீசலின் முகம் மலர்ந்தது. பிறகு கேஸிடம் போனேன். "சார், ஜெனரேட்டரும் பேட்டரியும் ஒரே அறையில. நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு." கேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா பயப்படுங்க," என்றார். "மூணு பேரைக்கூட எனக்குக் கீழ போடலாம்." பேட்டரியிடம் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்று கைகளும் பேட்டரிக்கு உயர்ந்தன. கழகத்தின் சரித்திரத்தில் ஒருமனதான முடிவு அதுதான் முதல் தடவை என்றார்கள். நான் பெட்டியிலிருந்து எழுந்தே விட்டேன். சட்டைப் பையில் பஸ் நேரம் எழுதிவைத்திருந்தேன்.

"உட்காருங்க தம்பி," என்றார் தலைவர். "ஜெனரேட்டர்னு சொன்னீங்களே. அது எந்த எரிபொருள்?"

"டீசல்," என்றார் டீசல்.

"கேஸ்லயும் ஜெனரேட்டர் இருக்கு," என்றார் கேஸ்.

"பேட்டரியில ஓடற ஜெனரேட்டர் வாங்கலாம்," என்றார் பேட்டரி.

"அந்த பேட்டரியை எதுல சார்ஜ் பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"அந்த ஜெனரேட்டர்லதான்."

தலைவர் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "இதுக்குத் துணைக்குழு ஒண்ணு போடணும். ஜெனரேட்டர் பேச்சை எடுத்தது யாரு? நம்ம தம்பிதானே?"

மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "பாப்பா நிக்க ஆரம்பிச்சுட்டா," என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது.

"நீங்க வரப்போறதில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானே மாற்றல் கேட்டேன். உங்க ஊர் மருத்துவமனையில ஆய்வகத்துல ஆள் இல்லையாம். எங்க பெரிய டாக்டரம்மா ஒரு கையெழுத்துப் போட்டாங்க, முடிஞ்சுது."

"ஒரே கையெழுத்தா?" எனக்கு நம்பிக்கை வரவில்லை. "குழு ஒண்ணும் இல்லையா?"

"எதுக்குங்க குழு?"

நான் வீடு பார்த்தேன். கிடங்குக்குப் பின்தெருவில், இரண்டு அறை, ஜன்னல் ஓரத்தில் வெயில் விழுகிற வீடு. தொட்டில் போடும் வயதெல்லாம் போய்விட்டது என்று தெரிந்தும் கூரையில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தேன்.

அவர்கள் வந்த அன்று வீட்டுச் சாவியை நான் உட்காரும் பெட்டிக்கடியில் வைத்திருந்ததால் பெட்டிகளோடு நேரே கிடங்குக்கே கூட்டிவந்தேன். சின்னக் கதவு வழியாக முதலில் மகள், பிறகு மனைவி, பிறகு பெட்டிகள், பிறகு நான். மகள் தத்தித் தத்தி நடந்து நேரே மாமாவிடம் போய் அதன் டயரைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி, "முறைதான்," என்றார்.

அப்போது தலைவரும் மூன்று உறுப்பினர்களும் கண்ணாடி அறையிலிருந்து வரிசையாக வந்தார்கள். தலைவர் கையில் ஒரு தாள்.

"தம்பி, விடுதலை. ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட், எல்லாக் குழுவும் முடிஞ்சுது. நாளைக்கே நீங்க புது இடத்துல போய்ச் சேரணும்."

"என்ன சார் முடிவு?"

"மேல் தட்டுல இருந்த டின் எல்லாம் தேதி தாண்டிடுச்சு. கெட்டுப்போன சரக்கைக் கணக்குலேர்ந்து எடுத்தாச்சு. இல்லாத சரக்கை இறக்க வண்டி எதுக்கு? இந்தக் கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்டே தேவையில்லன்னு ஒருமனதா முடிவு. எவ்வளவு மிச்சம் பாருங்க."

"கதவுல நிக்குதே, இந்த வண்டி?"

"அது இனிமே வண்டி இல்ல. கட்டடப் பிரிவுல சேர்த்துட்டோம்."

என் மனைவி மேலே பார்த்தாள். குண்டுக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் எந்தக் கிடங்கு என்று புரிந்துகொண்டதை அவள் முகத்தில் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக்குறுகிப் போனதில்லை.

"சார், என் குடும்பம் இங்க வந்துடுச்சு," என்றேன்.

தலைவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோஷம்மா. வழியனுப்ப வந்திருக்கீங்களா?"

"நான் இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிட்டு வந்திருக்கேன்," என்றாள் அவள். "இன்னைக்கு இங்க சேரணும்."

"அப்போ தம்பி அங்க போய்ச் சேர்ந்துட்டு, இங்க வர மாற்றல் கேக்கட்டும். கிடைக்கும். பொறுமை வேணும். நான் கேட்டப்ப என் பையன் பள்ளிக்கூடத்துல சேர்ந்தான். கிடைச்சப்ப அவனுக்குக் கல்யாணம்."

மகள் டயரைத் தட்டித் தட்டி விளையாடினாள். மனைவி இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, என்னிடம் மட்டும், "ஏங்க, அதை இறக்க ஒரு ஏணிகூடவா இல்ல உங்ககிட்ட?" என்று கேட்டாள்.

கோபத்தில்தான் கேட்டாள். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்தது. கழகம் எனக்கு ஒன்றுமே கற்றுத்தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"சார், ஒரு நிமிஷம். போறதுக்கு முன்னாடி கிடங்குக்கு ஒரு சாமான் கேட்டு எழுதிடறேன்," என்றேன். பெட்டியின் மேல் உட்கார்ந்து படிவத்தில் எழுதித் தலைவரிடம் நீட்டினேன். கிடங்குக்கு ஒரு ஏணி தேவை. மரமா, இரும்பா, அலுமினியமா என்பதற்கு நேரே, என் கையெழுத்தில் அதுவரை இல்லாத அழகோடு எழுதியிருந்தேன்: ஏதாவது ஒன்று போதும்.

தலைவர் படித்தார். திரும்பவும் படித்தார். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது.

"ஏதாவது ஒண்ணுன்னா எது தம்பி?"

"தெரியல சார்."

"இரும்புன்னா நடக்கும்போது சத்தம் கேக்கும்," என்றார் டீசல்.

"அலுமினியம் வழுக்கும்," என்றார் கேஸ் ஆசையாக.

"மரம்னா இயற்கை. ஒரு கல்வெட்டு வெக்கலாம்," என்றார் பேட்டரி.

தலைவர் என் விடுவிப்பு உத்தரவை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள்.

மனைவி என் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"மரமா இரும்பான்னு முடிவாகறதுக்குள்ள பாப்பா பள்ளிக்கூடம் போயிடுவா. அப்புறம் எத்தனை படின்னு ஒரு குழு இருக்கும்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தலைவரின் குரல் கேட்டது: "ஒருங்கிணைப்பாளர் எங்க? கூப்பிடுங்க அவரை."

வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன்.